குடிவந்த ராத்திரி

திருப்பூருக்கு மேற்கே, நூல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ஒரு தெருவில், எதிரும் புதிருமாகச் சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீடுகளும் நடுவே ஒரு குழாயும் ஒரு துவைக்கிற கல்லுமாகப் பொன்னாத்தா காம்பவுண்டு என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்காகச் சோடித்த அறையில் ராத்திரி வந்து குடியேறி, விடிந்த பிறகும் காலி பண்ணாமல் சட்டமாக உட்கார்ந்துகொண்ட சங்கதி அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், பாய் போட இடம் இருக்கிறதா என்று.

அந்த அறையைச் சோடித்தவள் பாண்டீஸ்வரி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், கல்யாணமான கையோடு புருஷன் காசிமாயனுடன் பஸ் ஏறி வந்தவள், பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறாள். செக்கிங் என்றால் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நின்ற காலோடு, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் போடப்போகிற சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற வேலை. காசிமாயனுக்கு அதே கம்பெனியின் நிட்டிங்கில், நூலைத் துணியாகப் பின்னுகிற மெஷின் ஓட்டுகிற வேலை, அதுவும் நைட் ஷிப்ட். அவள் உள்ளே வருகிற நேரத்துக்கு அவன் வெளியே போவான், அவன் உள்ளே வருகிற நேரத்துக்கு அவள் வெளியே போவாள், வாசற்படியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வதற்குப் பேர்தான் அவர்கள் வீட்டில் குடும்பம். பகலெல்லாம் அவன் தூங்குவதாகப் பேர், தூங்கினால்தானே. மேலே ஷீட் கொதிக்கும், வெளியே குழாயடிச் சண்டை, லாரி ஹாரன், பக்கத்து வீட்டு மிக்சி, அதையெல்லாம் மீறிக் கண்ணை மூடினால் இமைக்குள்ளே மெஷின் சுற்றும். அதனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை தர்ஷிகா, தன் பேரைக் கேட்டதைவிட அதிகமாகக் கேட்ட வார்த்தை "சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு" என்பதுதான். அது தவழும்போதே சத்தமில்லாமல் தவழ்ந்தது. ரெண்டாம் வகுப்புக்குப் போகிற வயதில், பசிக்கிறது என்பதைக்கூட காதோரம் வந்து குசுகுசுவென்று சொல்லும்.

அந்தப் பிள்ளை ஒருநாள் வகுப்புத் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னது: "அம்மா, அவளுக்குத் தனி ரூம் இருக்குதும்மா. சுவர் பூரா ராத்திரி, பூரா நட்சத்திரம். உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு அவ எம்புட்டுக் கத்துனாலும் யாருமே வையலம்மா."

நட்சத்திரத்தைப் பற்றிப் பாண்டீஸ்வரிக்கு ஒன்றுமில்லை. கத்தினால் வையவில்லை என்றதே, அதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. தான் பெற்ற பிள்ளை ஒருநாளாவது வீட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்திருக்கிறோமா என்று யோசித்தாள், ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை, மறுநாள் கம்பெனியில் அவள் கையைத் தாண்டி ஓட்டைச் சட்டைகள் பல போய்விட்டன. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஹவுஸ் ஓனர் பொன்னாத்தா பழைய சாக்கும் உடைந்த கட்டிலும் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன ஸ்டோர் ரூம் இருந்தது. அதைக் கேட்டுப் போனாள்.

"ஏம் புள்ள, மூணு உருப்படிக்கு ஒரு ரூம்பு பத்தாதா?" என்றாள் பொன்னாத்தா.

"பிள்ளைக்குங்கம்மா. சத்தம் போட்டு வெளையாட ஒரு இடம்."

"சத்தம் போடறதுக்கு ஒரு ரூம்பா!" பொன்னாத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி எடுத்துக்கோ. வாடகை சேத்திக் குடுத்துப்போடு. குடிபோறதுன்னா பாலாவது காய்ச்சோணும், சொல்லிப்போட்டேன்."

கடையில் விலை கேட்டாள். இருட்டில் மின்னுகிற ஸ்டிக்கர், நிலா மாதிரி பல்பு, மேகம் மாதிரி தலையணை; கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, பாக்கெட்டை எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அந்த ஊரில் இல்லாதவனுக்கென்று ஒரு செல்வம் உண்டு, அது கழிவு. சாயம் பிசகி வந்ததால் வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிய துணி வேஸ்ட் குடோனில் மூட்டையாகக் கிடந்தது, கறுப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம், இது என்ன நிறம் என்று கேட்டால் போட்ட சாயப்பட்டறைக்காரனுக்கே சொல்லத் தெரியாத நிறம். அதைக் கிலோ கணக்கில் அள்ளி வந்தாள். குழந்தைகள் கவுனில் ஒட்டுகிற வெள்ளி நட்சத்திரம், ஆர்டர் கேன்சலாகிக் குப்பைக்குப் போகவிருந்தது, செக்கிங் பெண்கள் ஆளுக்கொரு பிடி எடுத்துக் கொடுத்தார்கள். ஈரம் கசிகிற சுவரில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அறைந்து, அதன்மேல் துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மைதாப் பசை காய்ச்சி நட்சத்திரங்களை ஒட்டினாள். கட்டிலுக்கு அட்டைப் பெட்டிக்குள் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்தாள், வேலைப்பாட்டுக்கு ஒன்றும் குறைச்சலில்லை, உட்கார்ந்தால் அமுங்கி மெத்தென்று இருந்தது. நிலாவுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் பிடி உடைந்த பழைய இட்லித் தட்டைக் கவிழ்த்து மாட்டினாள், நிலாவில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தது.

பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. "உள்ள லைட்டே போடக் கூடாதும்மா. எல்லாமே ராத்திரியா இருக்கணும். அதுக்குப் பேரு தீமு."

"நம்ம பொழப்பே அந்தத் தீமுதான்டி" என்றாள் பாண்டீஸ்வரி.

பால் காய்ச்சியதில்தான் தப்பு நடந்தது என்று காம்பவுண்டு முழுக்கப் பின்னால் பேசிக்கொண்டது. ஊர் உலகத்தில் எல்லோரும் விடியலில், கிழக்கே வெளுக்கும்போது, சாமி படமும் விளக்குமாகப் போய்ப் பால் பொங்கவைப்பார்கள். இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற நேரமே அவள் வந்து அவன் போகிற அந்தப் பொழுதுசாய்ந்த வேளைதான். பிள்ளை லைட்டு போடக் கூடாதென்றுவிட்டதால் விளக்கும் ஏற்றவில்லை. மின்சார அடுப்பில், கும்மிருட்டில், பொங்குகிற சத்தத்தைக் காதால் கேட்டு இறக்கினார்கள். பால் காய்ச்சும்போது யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களுக்குத்தானே வீடு; அன்றைக்கு அந்த அறைக்குள் முழுசாக இருந்தது ராத்திரி ஒன்றுதான், தனக்குத்தான் பால் காய்ச்சுகிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டால் அதன்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்.

மறுநாள் காலையில் பிள்ளையை எழுப்பப் போன பாண்டீஸ்வரி, வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, உள்ளே நடுச்சாமமாக இருப்பதைப் பார்த்தாள். கையை நீட்டினாள், சுவர் தட்டுப்படவில்லை. வாசல் நிலையோரம் அவள் முதல் பின் அடித்த துணி ஓரம் மட்டும் கைக்குச் சிக்கியது, அதற்கப்புறம் வெளி. மைதாப் பசை வைத்து ஒட்டிய நட்சத்திரங்கள் எட்டாத உயரத்தில் கண்சிமிட்டின, இட்லித் தட்டு மேற்கே சரிந்திருந்தது, எங்கேயோ தூரத்தில் பூச்சி ரீங்காரம், முகத்தில் சில்லென்று ஒரு காற்று. நல்லாத்தான் அமைஞ்சு போச்சு என்று நினைத்துக்கொண்டு, "எந்திரிடி, பள்ளிக்கூட வேன் வந்துரும்" என்று பிள்ளையை உலுக்கினாள்.

அந்தக் கொஞ்ச நாள்தான் தர்ஷிகாவுக்கு ஆயுசில் நல்ல நாள் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு உள்ளே ஓடும். கத்தும், பாடும், வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியச் சொல்லும், சினிமாப் பாட்டுக்குக் குதிக்கும், சும்மாவே "ஓய்" என்று கூப்பிட்டுப் பார்க்கும். அந்தச் சத்தமெல்லாம் மேலே நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க் கரைந்துவிடும், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற அப்பனுக்கு ஒரு துளி கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டீஸ்வரி கதவிடுக்கில் நின்று அது சிரிக்கிறதைக் கேட்டாள். தன் அக்காள் சிரிப்பு அப்படியே இதுக்கு வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். போதும்டா சாமி, இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள்.

சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரமே ஒரு நண்பகலில் கரண்ட் போய், ஷீட்டுக்கு அடியில் வெந்துபோன காசிமாயன், விசிறி விசிறிக் கை ஓய்ந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது, சித்த நேரம் சாயலாமே என்று அந்த அறைக்குள் போய்ப் படுத்தான். பொழுது சாய்ந்து எழுந்து வந்தவன் முகத்தைப் பார்த்துப் பாண்டீஸ்வரி பயந்துபோனாள். அவன் அழுதிருந்தான்.

"என்னாச்சு மாமா?"

"தூங்கிட்டேன் புள்ள" என்றான். "ராத் தூக்கம். ஊர்ல தூங்குன மாதிரி. எத்தன வருசமாச்சு."

அவனைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும். அவன் அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னதாகப் பின்னால் சத்தியம் பண்ணினான், பக்கத்து மெஷினில் நிற்கிற செந்தட்டியிடம். செந்தட்டி எதிர் லைன் வீட்டுக்காரன், தூக்கமில்லாமல் கண்ணுக்கடியில் கறுவளையம் விழுந்தவன். மறுநாள் செந்தட்டி பாயோடு வந்து நின்றான். அதற்கடுத்த நாள் செந்தட்டியின் மச்சான். அப்புறம் மொட்டைமாடியில் தகரக் கொட்டகையில் கிடந்த பீகார்ப் பையன்கள், "அக்கா, தூங்கணும் அக்கா" என்று தெரிந்த தமிழில் கேட்டார்கள், அதற்கு மேல் அவர்களுக்குத் தமிழும் தேவைப்படவில்லை. ஏடிஎம் வாட்ச்மேன் வந்தார், பால் வண்டி ஓட்டுகிறவன் வந்தான், ராத்திரியில் பிணவறையில் நிற்கிற ஒருவன் வந்து தான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லாமல் ஓரமாகப் படுத்தான். வாசலில் செருப்பு மலைபோலக் குவிந்தது, இன்னார் செருப்பு இன்னாரோடு போய்விட்டதென்று தினமும் ஒரு சண்டை, அந்தச் சண்டையும் குசுகுசுவென்றுதான் நடந்தது.

அதிசயம் என்று ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை, இடம் பிடிக்கிறதிலேயே எல்லோருக்கும் பொழுது சரியாக இருந்தது. நிலாவுக்கு நேர்கீழே படுத்தால் குழந்தை பிறக்கும் என்று ஒருத்தி கிளப்பிவிட, அந்த இடத்துக்கு அடிதடி. குறட்டை விடுகிறவர்களை அந்தக் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். கடைசி எங்கே என்று தேடிப் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்த ஒருவன், அடுத்த நாள்தான் திரும்பி வந்தான், தலைமுடியெல்லாம் பனி, அங்கிட்டு ஒரு சோளக்காடு இருக்கிறது, காவலுக்கு ஆளில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான், அவனிடம் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒருத்தி சாமிதான் இறங்கியிருக்கிறது என்று உள்ளே கற்பூரம் கொளுத்தப்போக, தூங்கினவர்கள் எல்லோரும் ஒரே குரலாக, "அணை, அணை" என்று பாய்ந்தார்கள். அதோடு சாமி கும்பிடுவது நின்றது. பொன்னாத்தா வந்து நிலையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "நெம்பக் குளுமையா இருக்குதே" என்றாள், பிறகு, "குடித்தனத்துல ஆளு கூடிப்போச்சு புள்ள, ராத்திரியும் ஒரு உருப்படிதானே" என்று வாடகையை ஏற்றினாள். அதைத் தூங்க வருகிறவர்களே பகிர்ந்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டதால் உரிமையும் வந்துவிட்டது.

பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலில் அதன் அட்டைப்பெட்டிக் கட்டிலைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினார்கள். அப்புறம் "சத்தம் போடாம ஒரு மூலையில வெளையாடும்மா, மாமாவெல்லாம் தூங்குறாங்கல்ல" என்றார்கள். அப்புறம் கட்டிலை மடக்கி வெளியே வைத்தார்கள், உள்ளே வைத்திருந்த பொம்மைமேல் யாரோ மிதித்துவிட்டுப் பிள்ளையைத்தான் திட்டினார்கள். ஒருநாள் அது பழக்க தோஷத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்து "ஓய்" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓட, இருட்டில் அத்தனை பேரும் எழுந்து உட்கார, காசிமாயன் வந்து பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தான், அதற்கு முன்னால் பிள்ளையைக் கை நீட்டி அறியாதவன். பெற்ற தகப்பனே அடித்த பிறகு மற்றவர்கள் முறைப்பதற்கு என்ன கேடு. "கொஞ்ச நாளைக்குத்தான்டா தங்கம்" என்று பாண்டீஸ்வரி சொன்னாள், எந்தக் கொஞ்ச நாள் என்று அவளுக்கும் தெரியாது.

அந்த ஒரு அறைக்குள் இருந்த அமைதி காம்பவுண்டு முழுக்கப் பரவியது. குக்கரில் விசில் போடாமல் சோறு வடித்தார்கள். டிவி ஊமையாக ஓடியது, நாடகத்தில் மாமியார் வாயசைப்பதைப் பார்த்தே பெண்கள் அழுதுகொண்டார்கள். காய்கறி வண்டிக்காரன் தெருமுனையிலேயே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தக்காளி, தக்காளி என்று காதோரமாகச் சொன்னான். காம்பவுண்டில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் வாயைப் பொத்திக்கொண்டு விளையாடக் கற்றுக்கொண்டன, ஓடிப்பிடித்து விளையாடும்போது தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்தால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதன. தர்ஷிகா மட்டும் இதில் முன்னமே கைதேர்ந்தவள், சின்னதுகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் கம்பெனியில் ஒரு விஷயம் கவனித்தார்கள். நிட்டிங்கில் துணி சுத்தமாக வந்தது. விடியற்காலையில் யாரும் மெஷின்மேல் சாய்ந்து தூங்கி விழவில்லை, விரல் நசுங்கவில்லை, நூல் அறுந்தால் உடனே முடிச்சு விழுந்தது. விசாரித்து, மேனேஜரே ஒருநாள் காரில் வந்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, இன் பண்ணின சட்டையோடு செந்தட்டியின் பாயில் படுத்தார். பொழுது சாய எழுந்து வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரில் ஏறுமுன் திரும்பி அந்த வாசலை ஒருமுறை பார்த்தார். மனுசன் மனசு இளகிவிட்டது, ஷெட்டுக்கு ஃபேனாவது வரும் என்று காம்பவுண்டே பேசிக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் போட்டார்கள், இனி நிட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லோருக்கும் தொடர்ந்தாற்போல் ரெண்டு ஷிப்ட். போய்க் கேட்டவர்களிடம் சூப்பர்வைசர் குணசேகரன், "நல்லாத்தானே தூங்கறீங்க, அப்புறமென்னங்க?" என்றார்.

சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஓவர்டைம் கிடைக்குமே என்று ஒரு ஆசை, வேண்டாமென்றால் வேறு ஆள் வருவானே என்று ஒரு பயம், எல்லாவற்றுக்கும் மேலே, பகலில் போய்ப் படுக்க ஒரு ராத்திரி இருக்கிறதே என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் ஆளைக் கவிழ்த்தது. பாண்டீஸ்வரியும் காலையில் போனால் மறுநாள் விடியலில் திரும்பினாள். ஆனால் மற்றவர்களைப் போல் அவள் அந்த அறைக்குள் போய்ப் படுக்கவில்லை. அது என் பிள்ளையின் ரூம், நானும் போய் அதில் படுத்தால் நான் என்ன தாய் என்று ஒரு வைராக்கியம். கொதிக்கிற முன்னறையில் ஈரத்துணியைத் தரையில் விரித்துப் புரண்டுவிட்டு, கால் வீங்க வீங்க எழுந்து வேலைக்குப் போனாள்.

அப்படி ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் பண்ணினார். "உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது பிரச்சினையாங்க? வாசிக்கச் சொன்னா உதடு மட்டும்தான் அசையுது. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

பாண்டீஸ்வரி டாக்டரிடம் போகவில்லை. பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்குப் போனாள், லாரியும் பஸ்ஸும் அலறிக்கொண்டு போகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க யாரும் தூங்கலடி. கத்து பாப்போம்."

தர்ஷிகா சுற்றுமுற்றும் பார்த்தது.

"கத்துடி என் கண்ணுல்ல. என்னையவே வஞ்சு கத்து. ரூமப் புடுங்கிட்டியேன்னு கேளு."

பிள்ளை வாயைத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, வந்தது வெறும் காற்று. திரும்பத் திரும்ப முயற்சி செய்துவிட்டு, தாய்க்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயந்து, அவள் காதுக்கு எக்கி, "நாளைக்குக் கத்தட்டுமாம்மா?" என்று கேட்டது. பாண்டீஸ்வரிக்குப் பெற்ற வயிறு எரிந்தது. அந்த இடத்திலேயே, லாரிப் புழுதியில், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷனை வைதாள், காம்பவுண்டை வைதாள், ராத்திரியை வைதாள், பாலைக் காய்ச்சச் சொன்ன பொன்னாத்தாவை ஏழு தலைமுறைக்கும் வைதாள். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை பாரு. அம்புட்டையும் கிழிச்சு எறியறேன். வெயிலு உள்ள வரட்டும். எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன். அப்புறம் நீ எம்புட்டு வேணா கத்து."

பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நெசமாவாம்மா?"

"உம்மேல சத்தியம்டி."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ரெண்டு ஷிப்ட் முடித்து வந்தாள், ஆர்டர் அவசரமென்று அன்றைக்குச் சாயங்காலமே திரும்பவும் கம்பெனி வேன் வரும். நடுப்பகல் வரைக்கும் காத்திருந்தாள், எல்லோரும் அயர்ந்து கிடக்கிற நேரம் அதுதான். நூல் வெட்டுகிற ட்ரிம்மரைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, "இங்கயே இரு, அம்மா வந்துர்றேன்" என்றாள். தர்ஷிகா தலையாட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது, கண் ரெண்டும் தாயின் கையிலிருந்த ட்ரிம்மரின் மேல்.

உள்ளே ராத்திரி நிறைந்து கிடந்தது. நிலையோரத்தில் கையைத் துழாவி அந்தத் துணி ஓரத்தைக் கண்டுபிடித்தாள், அங்கே ஒரு இடத்தில்தான் அந்த ராத்திரிக்கு ஓரம் உண்டு. ட்ரிம்மர் முனையால் ஒரு பின்னை நெம்பினாள். துணி விலகிய இடுக்கு வழியாக, பின்னால் சுவர் இருக்கிறதென்று பாராமல், மத்தியான வெயில் ஒரு கோடாக உள்ளே பாய்ந்து, வரிசையாகப் படுத்திருந்தவர்கள்மேல் விழுந்தது. வெடித்த பாதங்கள், சாயம் ஏறிய நகங்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பீகார்ப் பையன் ஒருத்தன், மீசைகூட முளைக்கவில்லை அவனுக்கு. கோடு போய்க் காசிமாயன் முகத்தில் நின்றது. அவன் எழுந்திருக்கவில்லை, கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு, "அம்மா" என்றான் தூக்கத்திலேயே. எல்லோரும் ஒரே சமயத்தில் முனகிப் புரண்டார்கள்.

அத்தனை நாள் இவர்கள்மேல் வளர்த்து வைத்திருந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவிகளா, உங்களைச் சொல்லி என்ன, உங்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் கிழித்திருப்பேனே என்று நினைத்தாள். துணியை விட்டாள், வெயில் மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம் நின்று, மூச்சை ஆற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே இழுத்துவிடலாம், பார்க்காமல் இழுத்தால் இழுத்துவிடலாம் என்று தீர்மானித்தாள். கால் கடுத்தது. ஒரு நாளும் ஒரு ராத்திரியும் நின்ற கால். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து இழுக்கலாம் என்று நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் அந்தக் காற்று அடித்தது, மேலே அவள் கையால் ஒட்டிய நட்சத்திரங்கள் அத்தனையும் சிமிட்டின. எவ்வளவு அழகாக அமைந்து போயிற்று இந்த ரூம் என்று நினைத்தது மட்டும் அவளுக்கு ஞாபகம். அப்புறம் தலை சாய்ந்தது.

அவள் தாய்வீட்டை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. கனவில்லை, மெஷின் இல்லை, சட்டையில்லை, ஓட்டையில்லை. விழித்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது, அந்தச் சுகத்தில் கொஞ்ச நேரம் கிடந்தாள், பிறகுதான் கையிலிருந்த ட்ரிம்மர் உறுத்தியது. திடுக்கென்று எழுந்து கதவைத் திறந்தாள். சாயங்கால வெயில் சாய்ந்து கிடந்தது. பிள்ளை நிற்கச் சொன்ன இடத்தில் இல்லை.

காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே கம்பெனி வேன் வந்து நின்றிருந்தது. அதற்கு முன்னால் தர்ஷிகா ரெண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றது, பின்னால் காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு. ஹாரனில் கை வைத்திருந்த டிரைவரிடம் அது அந்தக் காற்றுக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தது: "அடிக்காதீங்கண்ணா, எங்கம்மா தூங்குறாங்க."

டிரைவர் சிரித்தான். பிள்ளை திரும்பியது, தாயைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. கிழிச்சிட்டியாம்மா என்று கேட்கும், என்ன சொல்லப்போகிறோம் என்று பாண்டீஸ்வரி ட்ரிம்மரை முந்தானைக்குள் மறைத்தாள். பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால், சத்தியம் பண்ணினியே என்று நாலு கேள்வி கேட்டுக் கிள்ளி வைத்திருந்தால், அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அது எக்கி அவள் காதில், "நல்லாத் தூங்குனியாம்மா?" என்றது. "நான் ஒருத்தரையும் சத்தம் போட விடல."

பாண்டீஸ்வரி பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். சோறு சட்டியில் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள் என்றாள், அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். வேனில் ஏற்கெனவே ஆட்கள் ஏறியிருந்தார்கள், ஜன்னலோரம் ஒரு இடம் மிச்சமிருந்தது, அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.